கிணத்துக்கு முறை வைத்தவர்கள் நாம், குதிரைக்கு வைக்க முடியாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலக் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பிலும் நான் சுருக்கமாகப் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

2022ல் நம் கோயமுத்தூரிலிருந்து ஒரு வீடியோ நாடு முழுக்கப் போனது நினைவிருக்கும். பேரூர் பட்டீஸ்வரர் கோயில் பக்கம், தாயைப் பிரிந்த ஒரு குதிரைக்குட்டி, தனியார் பஸ்ஸில் இருந்த குதிரைப் படத்தைப் பார்த்துத் தாய் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸை விடாமல் துரத்தியது. என் போனுக்கு மட்டும் பதினேழு பேர் அதை அனுப்பியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கண்ணீர் விடும் பொம்மைகள், கும்பிடும் கைகள். சிலர் சோகப் பாட்டு சேர்த்து அனுப்பினார்கள். அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட, "குட்டி யாருடையது? தாய் கிடைத்ததா? இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்கவில்லை.

அனுப்பியவர்கள் எல்லாருமே நல்லவர்கள். நம் ஊரில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த இரக்கம் வீடியோ ஓடும் முப்பது விநாடிக்கு இருக்கிறது. குதிரையோ இருபத்தைந்து, முப்பது வருஷம் உயிர் வாழும் பிராணி. இந்தக் கணக்கு இடிக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நாய் தெருவிலேயே பிறக்கும், தெருவிலேயே வளரும். குதிரை அப்படியில்லை. செல்வபுரத்திலோ பேரூர் ரோட்டிலோ உக்கடம் பக்கமோ குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு ஒரு குதிரை நின்றால், அதுவோ அதன் தாயோ ஒரு காலத்தில் யாரோ காசு கொடுத்து வாங்கியதுதான். கல்யாண சாரட்டில் பூட்டியிருப்பார்கள். ரேக்ளாவில் ஓட்டியிருப்பார்கள். ஊட்டி ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்திருக்கும். அல்லது ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போன ஒரு இளைஞர், மீசையை முறுக்கிக்கொண்டு ஆசையாகப் பிடித்து வந்ததாக இருக்கும்.

அந்தியூர்ச் சந்தையை நான் குறை சொல்ல வரவில்லை. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கும் சந்தை என்பார்கள். கத்தியவார், மார்வாரி என்று வடக்கத்திக் குதிரைகள் காதை வளைத்துக்கொண்டு நிற்கும் அழகை இன்றைக்கும் மறக்க முடியாது. ஆனால் சந்தையில் எல்லாரும் பல்லைப் பிடித்து வயசு பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், நடை பார்க்கிறார்கள். இன்னும் இருபது வருஷத்துக்கு இதற்குத் தீனி போட முடியுமா என்று தன் சட்டைப் பையைப் பார்க்கிறவர் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் நிற்கும் குதிரைகளில் பலவற்றுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். ராத்திரி அவிழ்த்து விடுவார், வேலை வந்தால் தேடிப் பிடித்துப் போவார். அவர் ஏதோ ராட்சசர் இல்லை. சாரட் ஓட்டுகிறவருக்கு வருமானம் முகூர்த்த நாளில்தான். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? குதிரைக்கு மட்டும் அந்த இரண்டு மாதமும் வயிறு லீவு எடுத்துக்கொள்வதில்லையே! வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், கொட்டத்திலும் தீனி விழ வேண்டும் என்றால், முதலில் அவிழ்த்து விடுவது குதிரையைத்தான். மாநகராட்சி எச்சரிக்கிறது, பிடிக்கிறது, அபராதம் போடுகிறது. ரோட்டில் பைக்கில் போகிறவர் உயிரும் முக்கியம், அதனால் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அபராதம் கட்ட முடியாதவர் குதிரையை மீட்கவே வர மாட்டார். அப்போது அது நிஜமாகவே அநாதை ஆகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் நான் பிறந்த 1960ல் வந்தது. அதற்காக நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்து மசோதா கொண்டுவந்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின்படி 1962ல் வந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான், வாரியம் நடந்ததும் சென்னையில்தான். நமக்குப் பெருமை. ஆனால் அதே சட்டத்தில், பிராணியைத் துன்புறுத்தினாலோ நியாயமான காரணமில்லாமல் கைவிட்டாலோ முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். நான் பிறந்த வருஷம் 50 ரூபாய்க்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை உங்கள் தாத்தாக்களிடம் கேளுங்கள். இன்றைக்கு அன்னபூர்ணாவில் இரண்டு பேர் உட்கார்ந்து டிபன் சாப்பிடக் காணாது.

சரி, இப்போது செவலை கதைக்கு வருகிறேன். உறவினர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், மீதிப் பேருக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் பேரூர் ரோட்டுப் பக்கம் ஒரு பெட்டைக் குதிரை சாக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்ற முடியவில்லை. விலா எலும்பை எண்ணலாம். என்னிடம் 98ல் அஞ்சாங்கிளாஸ் படித்த செட்டில் ஒருவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன்தான் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "ஏனுங் டீச்சர், ஒரு குதிரை நிக்குதுங். விட்டுட்டுப் போறதுக்கு மனசு வல்லைங். என்ன பண்றதுங்?" என்றான். கணக்கில் தடுமாறினாலும் அன்றிலிருந்தே பிறத்தியார் வலி தெரிந்த பிள்ளை.

அவனும், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருத்தியும், பால் பூத் வைத்திருப்பவனும், கல்லூரியில் படிக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். நேரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. அது முக்கியம். முதலில் சுற்று வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்களிடம் எல்லாம் போய் விசாரித்தார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் உரிமை கேட்டு வரவில்லை. கேட்காமல் கொண்டு போயிருந்தால் அதற்குப் பெயர் மீட்பு இல்லை, திருட்டு. கால்நடை மருத்துவரை வரவழைத்து ரண ஜன்னி ஊசி போட்டார்கள். குதிரைக்கு ரண ஜன்னி வெகு சீக்கிரம் பிடிக்கும், ஒரு ஆணி குத்திய காயம் போதும். ரத்தம் எடுத்து கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அரியானா மாநிலம் ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அந்த நோய்க்கு அதுதான் தலைமை ஆய்வகம். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். இருப்பது உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்தே ஆக வேண்டும். முடிவு வரும்வரை அந்தப் பிள்ளைகள் தூங்கவில்லை. இல்லை என்று வந்த அன்றைக்குத்தான் அதற்குச் 'செவலை' என்று பேர் வைத்தார்கள்.

எனக்கே புதிதாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பட்டினி கிடந்த குதிரைக்கு வயிறு முட்டத் தீனி போட்டால் அது செத்துப்போகலாம். ரொம்ப நாள் காய்ந்த உடம்பு திடீர் என்று வந்த தானியத்தைத் தாங்காது. ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு தாறுமாறாகி, இதயம் நின்றுவிடும். அமெரிக்காவில் டேவிஸ் ஊரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். இளைத்த குதிரையைத் தேற்ற நல்ல தீனி அல்ஃபால்ஃபா என்ற தழைதான், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அல்ஃபால்ஃபா என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று பயந்துவிட்டேன். மருத்துவர் சிரித்தார். அதுதான் நம் குதிரைமசால்!

கோயமுத்தூர் ஜில்லாவில் குதிரைமசால் தெரியாத பண்ணையம் உண்டா? நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமே கோ-1 என்று ரகம் வெளியிட்டிருக்கிறது. பேரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு, வெட்டி வெட்டி மாட்டுக்குப் போடுகிறோம், குதிரை குப்பைத் தொட்டியில் பாலிதீன் தின்கிறது. கொள்ளும் அப்படித்தான். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாத கொங்கு வீடு இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி வேறு சொல்வோம். (செவலைக்கு முதல் இரண்டு மாதம் கொள்ளே கிடையாது. பழமொழி அதற்குச் சரியாகத்தான் இருந்தது.)

குதிரைக்கு வாந்தி எடுக்கத் தெரியாது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். அதன் உடம்பு அமைப்பு அப்படி. கெட்டுப்போன சோறோ பிளாஸ்டிக்கோ உள்ளே போனால் திரும்ப வர வழியில்லை. வயிற்று நோவு வந்து உருண்டு புரண்டு உயிரை விடும். ஆகவே, 'பாவம்' என்று கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை வாளியோடு கொண்டுபோய் வைக்கிற புண்ணியவான்களே, தயவுசெய்து வேண்டாம். ஒரு கட்டு காய்ந்த சோளத்தட்டும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். இளஞ்சோளத் தட்டு கூடாது. மாட்டுக்கே ஆகாது என்பது உங்களுக்கே தெரியும்.

செவலை தேறிவிட்டாள். கால் முழுக்கச் சரியாகவில்லை, இனி வண்டி இழுக்க மாட்டாள். ஒரு நாளைக்கு ஆறு ஏழு கிலோ உலர்தீனி, 25, 30 லிட்டர் தண்ணீர். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். குடற்புழு மருந்து. வருஷம் ஒரு தடவை பல் அராவ வேண்டும், ஏனென்றால் குதிரைப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் சேர்த்து மாதம் 7,500 ரூபாய் பக்கம் ஆகிறது. நோட்டுப் போட்டு எழுதுகிறவள் நான்தான். பென்ஷன்காரிக்கு வேறு என்ன வேலை.

பணம் எப்படியோ வந்துவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்காமலேயே அனுப்பினார்கள். சிரமம் பணத்தில் இல்லை. முதல் மாதம் செவலையைப் பார்க்க முப்பது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு போட்டோ. இரண்டாம் மாதம் பன்னிரண்டு பேர். ஆறாம் மாதம் லேத் பட்டறைப் பையன் ஒருத்தன் மட்டும் விடிகாலை ஐந்து மணிக்குச் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பாருங். மூணு மாசமா ஒரு விசேசத்துக்குக்கூட எங்களால போக முடியலைங்" என்று அழுதுவிட்டுப் போனாள். அவள் அழுததில் நியாயம் இருக்கிறது. ஊரே சேர்ந்து இரக்கப்பட்டது, ஆனால் பாரம் ஒரு வீட்டின் தலையில் இறங்கியிருக்கிறது. பிராணிகளைக் காப்பாற்றுகிற பல இடங்கள் இப்படித்தான் ஓய்கின்றன. ஒரு நல்ல மனுசன் களைத்துப் போவான். அவன் விழுந்த அன்றைக்கு அந்தப் பிராணி இரண்டாம் தடவை அநாதை.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கிணறு ஞாபகம் வந்தது.

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு ஆறு பங்கு. ஆறு வீட்டுக்கும் நாள் முறை உண்டு. அப்பாவுக்கு ஆறு நாளுக்கு ஒரு நாள். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்திலும் முறை, கரண்ட் மோட்டார் வந்த பிறகும் முறை. பங்காளிக்குள் வெட்டுப் பழி குத்துப் பழி இருந்தாலும் முறை தப்பாது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வால்வைத் திருப்பிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் யாருக்கும் உபகாரம் செய்வதாக நினைக்கவில்லை. என் முறை, நான் வந்தேன், அவ்வளவுதான். மழை குறைந்த இந்தக் கொங்குச் சீமையில் நம் முன்னோர் பிழைத்தது இந்த ஏற்பாட்டினால்தான். குதிரைக்கும் இதே ஏற்பாடுதான் வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வித்தியாசம் உண்டு, மறைக்க மாட்டேன். கிணற்றில் முறையைத் தவறவிட்டால் காய்வது என் பயிர். குதிரைக்கு முறையைத் தவறவிட்டால் காய்வது குதிரை. அதனால் இங்கே முறைக்காரர் வர முடியாத நாளில் மாற்று ஆளைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இது புதிதாக நான் கண்டுபிடித்ததில்லை. வட இந்தியாவில் செங்கல் சூளைகளிலும் வண்டி வேலையிலும் குதிரை, கழுதை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் புரூக் இந்தியா என்ற அமைப்பு வேலை செய்கிறது. அவர்கள் குதிரைக்காரர்களையே ஊர் ஊராகச் சின்னக் குழுவாகச் சேர்க்கிறார்கள். நம் மகளிர் சுய உதவிக் குழு மாதிரியே மாதம் கொஞ்சம் சேமிப்பு, மொத்தமாகத் தீனி வாங்குவது, சேர்ந்து ஊசி போடுவது, ஒருத்தர் கொட்டத்தை மற்றவர் வந்து பார்ப்பது. வெளியாள் வந்து உபதேசம் செய்தால் கேட்காதவர், பக்கத்துக் கொட்டத்துக்காரர் சொன்னால் கேட்கிறார்.

அந்த அமைப்பு தொடங்கிய கதையையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளை எகிப்தில் விற்றுவிட்டுப் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1930ல், ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி டோரதி புரூக் கெய்ரோவுக்குப் போனார். அந்தக் குதிரைகள் கிழடு தட்டி, எலும்பும் தோலுமாகக் கல்லும் மண்ணும் இழுத்துக்கொண்டிருந்தன. 1931ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். இன்றைக்கு நாம் போடும் பதிவு மாதிரிதான். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். மூன்றே வருஷத்தில் 5,000 குதிரைகளை வாங்கினார். 1934ல் ஆஸ்பத்திரியே கட்டினார். இதில் நம் ஆட்களுக்குப் பிடிக்காத ஒரு பகுதி உண்டு. வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை தேற வழியில்லாத நிலையில் இருந்தன. அவற்றுக்கு வலியில்லாத சாவைத்தான் அவரால் கொடுக்க முடிந்தது. அதையும் கண்ணை மூடிக்கொள்ளாமல் செய்தார். அவர் பிழைப்புக்காகக் குதிரை ஓட்டிய ஏழைகளைத் திட்டவும் இல்லை. அவர்கள் கையில் காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் போதும். ஊட்டியில் சவாரிக்கு உதவாத மட்டக் குதிரைகள் ரோட்டில் திரிவதைப் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள். மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் நைஜல் ஓட்டர் என்பவர் தொடங்கிய ஹில் வியூ பண்ணைக் காப்பகம் அப்படிப்பட்ட குதிரைகள், கழுதைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வந்திருக்கிறது. அவர் மனைவி இலோனா ஓட்டர் கால்நடை மருத்துவர். தன்னார்வலர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது எது என்றால், குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலிக்குள் உட்கார்ந்துவிடவில்லை. சுற்றுக் கிராமத்து மாடு, ஆடு, நாய்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். பிராணிக் காப்பகம் என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்கிற ஊர்க்காரர், தன் மாட்டுக்கு ஊசி போட்ட இடம் என்றால் அதைத் தன்னுடையது என்று நினைப்பார். அந்த வழிதான் நமக்கும்.

"மனுசனுக்கே சோறில்லை, குதிரைக்கு எதற்கு?" என்று என் சம்பந்தி வீட்டில் ஒருவர் கேட்டார். பேர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார். சம்பந்தி, கேள்வி நியாயமானதுதான். ஆனால் செவலைக்குத் தட்டு கொண்டுவந்து போடும் பிள்ளைகள்தான் வெள்ளம் வந்தபோது அரிசி மூட்டை தூக்கினார்கள், கொரோனாவில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சோறில்லாத மனுசனுக்கும் அவர்கள்தான் போடுகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் சொல்கிறேன், நாய்க்குட்டியைக் கல்லால் அடிக்கிற பிள்ளை சக பிள்ளையையும் அடிப்பான்.

இன்னொருவர், "குதிரையே அழிந்துகொண்டு வருகிறது, இன்னும் பத்து வருஷத்தில் பிரச்சினையே இருக்காது" என்றார். ஒரு பக்கம் உண்மை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகள், 2019ல் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். ஏழே வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி. பழனியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்குக் குதிரை வண்டியில் போன தலைமுறை நாங்கள். இப்போது ஆட்டோ. மும்பையில் 2015ல் உயர் நீதிமன்றம் விக்டோரியா சாரட்டுகளை நிறுத்தச் சொல்லி, ஓட்டுகிறவர்களின் மறுவாழ்வுக்கும் வழி செய்யச் சொன்னது. தொழில் குறையக் குறைய, வேலை இழந்த குதிரைகள் கூடிக்கொண்டுதான் போகும். எல்லாம் அழிந்து எண்ணிக்கை குறையும் வரைக்கும் இருக்கிற குதிரைகள் எதைத் தின்னும்?

இனி சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாணவர்களும் படிக்கலாம், ரகசியம் ஒன்றும் இல்லை.

செவலை இப்போது நிற்கும் கொட்டகை வாடகை இடம். இடத்துக்காரர் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரும் பதினான்கு மாதம் பொறுத்தார், அவர் மேல் வருத்தமில்லை. ஊருக்குள் வேறு இடம் பார்த்தோம். சிமென்ட் தரை, பக்கத்தில் வீடுகள், ஈத் தொல்லை என்று சண்டை. குதிரை நிற்கிற பிராணியில்லை, நடந்துகொண்டே மேய்கிற பிராணி. அதற்கு ஏற்ற இடம் நம்மிடம் இருக்கிறது. நம் கொறங்காடு.

கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்பது உழாமல் விட்ட தரிசு இல்லை. காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்து மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவரே வேண்டாம். பஞ்சத்திலும் கருகாமல் வேரில் உயிரை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்குத் துளிர்க்கும் புல் அது. காங்கயம் மாடு இன்றைக்கும் இருக்கிறது என்றால் பாதிக் காரணம் கொறங்காடு.

நம் பங்கில் இருக்கும் கொறங்காட்டை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்று பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். தம்பி மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். நல்ல கணக்குத்தான், தப்பு சொல்ல மாட்டேன். அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், படிக்க வைக்க வேண்டும். முழுக் காட்டையும் நான் கேட்கவில்லை. கிழக்கு மூலையில் பழைய தண்ணித் தொட்டியை ஒட்டின பட்டி ஒன்றே ஒன்று. செவலைக்கும், இனி வரும் இன்னும் ஓரிரண்டுக்கும் அது போதும். அந்தப் பட்டிக்குக் குத்தகை என்ன வருமோ அதில் என் பங்கை நான் விட்டுக் கொடுக்கிறேன். மீதிக்கு மாதா மாதம் வசூலிலிருந்து கொடுத்துவிடலாம். அங்கே போனால் மேய்ச்சல் போகத் தீனிச் செலவும் குறையும். உள்ளூரில் இரண்டு வீட்டில் பேசியிருக்கிறேன், மாடு பார்க்கும்போது இதையும் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பதிலுக்கு அவர்கள் மாடுகளுக்கும் நம் மருத்துவர் வரும்போது ஊசி போட்டுத் தர ஒத்துக்கொண்டிருக்கிறோம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான், உடுமலையிலும் இப்போது கல்லூரி இருக்கிறது. அவசரத்துக்கு 1962 எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ்.

ஒரு நிபந்தனையும் உண்டு, அதைப் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். மூன்றுக்கு மேல் குதிரை கிடையாது. நான்காவதாக ஒன்று கண்ணீர் வீடியோவோடு வந்தாலும், அதற்குத் தனியாக முறைக்காரர்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி ஏற வேண்டும். கல் நெஞ்சம் என்று சிலர் திட்டுவீர்கள். திட்டுங்கள். பத்துக் குதிரையை அடைத்து வைத்து எல்லாவற்றையும் அரைப் பட்டினி போடுவதைவிட மூன்றுக்கு வயிறாரப் போடுவது மேல்.

வீட்டில் விசேஷம் வைக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சாரட் பேசும்போது வாடகை மட்டும் பேசாதீர்கள். குதிரையைப் போய்ப் பாருங்கள். நொண்டுகிறதா, சேணம் உரசிய இடத்தில் புண் இருக்கிறதா, ஆடி மாதத்தில் எங்கே கட்டுவீர்கள் என்று கேளுங்கள். நல்லபடியாக வைத்திருக்கிறவருக்கு ஐநூறு ரூபாய் கூடவே கொடுங்கள். சாரட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் எங்கள் குழு பேசியிருக்கிறது. மார்கழியில் அவர்கள் குதிரைகளை அவிழ்த்து விடாமல் கட்டி வைத்தால், அந்த ஒரு மாதத் தட்டு நம் செலவு. தட்டுப்போர் வைத்திருக்கும் தோட்டத்துக்காரர்கள் ஒரு வண்டி கொடுத்தால்கூடப் போதும்.

தம்பி, மாப்பிள்ளைகளா, பட்டி விஷயத்தில் உங்கள் முடிவை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குடும்பக் குரூப்பில் சொல்லிவிடுங்கள். இங்கே கமெண்டில் வேண்டாம். மாணவர்களே, கொறங்காடு அமையும் வரைக்கும் காலை ஐந்தரை மணி முறைக்கு ஆள் வேண்டும். திங்கள், புதன், வியாழன், சனி, ஞாயிறு பேர் எழுதியாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் காலியாக இருக்கிறது. வருகிறவர்கள் பழைய செருப்போடு வாருங்கள், போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பேரும் எந்த வருஷத்து செட் என்பதும் இன்பாக்ஸில் போடுங்கள், நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.